யாருடைய நாளைப் பார்த்துக் கற்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் பெண்களுக்கான தையற்கடை நடத்துகிறேன். கடைக்குத் தினமும் உங்கள் பத்திரிகை வருகிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்களில் ஒருத்தி சத்தமாக வாசிப்பாள். மற்றவர்கள் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டே கேட்பார்கள். நேரத்தைச் சரியாகப் பயன்படுத்த நல்ல முன்மாதிரிகளைத் தேர்ந்தெடுங்கள் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும் அப்படித்தான் கேட்டோம். அன்று கடை சாத்தும்வரை அதைப் பற்றியே பேச்சு. அந்தப் பேச்சில் எனக்குத் தோன்றியதை உங்களுக்கும் எழுத வேண்டும் போலிருந்தது.

கட்டுரையின் அடிப்படைக் கருத்து எனக்கு முழுச் சம்மதம். நேரத்தை ஆளத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் கிடைக்கிற பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. என் தொழிலே எனக்கு அப்படித்தான் வந்தது. ஆனால் நீங்கள் காட்டிய முன்மாதிரிகள் எல்லாரும் பெரிய கம்பெனிகளின் தலைவர்கள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, ஓடி, தியானம் செய்து, ஆறு மணிக்குள் அன்றைய திட்டத்தை எழுதி முடிப்பவர்கள். எங்களிடம் தையல் பழக வருகிற பெண் ஒருத்தி, இதே போன்ற ஒன்றைச் செல்போனில் பார்த்துவிட்டு நாலு மணிக்கு எழத் தொடங்கியிருந்தாள். அவள் அப்பா லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வர இரவு பத்தரை ஆகும். அவர் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அவள் படுக்கும்போது பதினொன்றரை. சில நாளிலேயே ஓவர்லாக் மிஷின் முன்னால் கண் சொக்கினாள். நான்தான் எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். ஊசியும் கத்தியும் சேர்ந்து ஓடுகிற மிஷின் அது. அந்தப் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. சமையற்காரரும் காரோட்டியும் உள்ள ஒருவருடைய காலை நேரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

முன்மாதிரி என்பவர் நாம் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அவருடைய முழு நாளையும் நாம் வாழத் தேவையில்லை. ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து, அது எதற்காக என்று புரிந்துகொண்டு, நம் வீட்டுக்கும் நம் வேலைக்கும் தக்கபடி மாற்றிக்கொண்டால் போதும்.

எனக்கு அப்படி அமைந்தவர் புதுமண்டபத்து பாய் மாஸ்டர். பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது என்பதால் போடவில்லை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடிய காலத்தை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்களுக்கான உடைகள் அங்கேதான் தைக்கப்படும். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரி எடுத்து ஆடுகிறவர்கள், சாட்டை அடிக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். வெல்வெட் துணியில் சல்லடம் என்கிற அரைக்கால் சட்டை, தலைக்குக் குல்லா, ஜரிகை, சமிக்கி என்று கண் வலிக்கிற வேலை. கல்யாணமான புதிதில் நான் அவரிடம் சமிக்கி வேலை வாங்கி வந்து வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கப் போகும்போதும் வாங்கப் போகும்போதும் அந்தத் தூண் ஓரமாக உட்கார்ந்து பார்த்ததுதான் என் படிப்பு.

அவருடைய தொழிலில் ஒரு கெடு உண்டு, அதை யாராலும் தள்ளிப்போட முடியாது. சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்கிவிடுவார். அதற்கு மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கிற சல்லடத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. நேர்த்திக்கடன் வைத்தவருக்கு அது ஒரு வருஷக் காத்திருப்பு. ஆகவே பாய் நாள்காட்டியைப் பின்னாலிருந்து படிப்பார். அழகர் இறங்கும் நாளில் விரலை வைத்து அங்கிருந்து முன்னே வருவார். அதற்கு முந்தைய நாலு நாள் காலியாக இருக்க வேண்டும். "இந்த நாலு நாளு என்னுது இல்லம்மா. ஊர்லருந்து கடைசியில வர்றவங்களுது. தச்சது பிரிஞ்சு போச்சுன்னு வருவாங்க, பையன் வளந்துட்டான்னு வருவாங்க." அதற்கு முன்னே காஜா, பட்டன், சமிக்கி. அதற்கும் முன்னே மிஷின் தையல். இப்படியே போய் மாசி மாதத்தில் துணி வெட்டும் நாள் வந்து நிற்கும். பங்குனி பிறந்துவிட்டால் புது ஆர்டர் எடுக்க மாட்டார். எவ்வளவு பெரிய ஆள் வந்து கூடுதல் காசு தருகிறேன் என்றாலும் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடையைக் கைகாட்டுவார்.

ஒருநாள் அவரிடமே கேட்டேன், தேதி சொல்வதற்கு எப்படி இவ்வளவு தைரியம் என்று. "மொதல்ல ஒரு துணிக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தெரிஞ்சுக்கம்மா. அது தெரியாம யாருக்கும் தேதி குடுக்காத" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். ஆனால் நான் சந்தித்த தையற்காரர்களில் பெரும்பாலோருக்கு ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு வெட்டுவதிலிருந்து ஊக்கு வைப்பது வரை மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. ஒன்றரை மணி நேரம் என்பார்கள். கையால் ஹெம்மிங் செய்வது, அயர்ன் போடுவது, நூல் கலர் தேடுவது, அளவு ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பது எதையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உண்மையில் அது இரண்டரை மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரம்தான் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி கடை வாசலில் சண்டையாக வந்து நிற்கிறது.

இன்னொன்றும் அவரிடம் பார்த்தேன். ஐந்து வேளைத் தொழுகை அவர் நாளை ஐந்து இடத்தில் நிறுத்தும். அதை இடைஞ்சலாக அவர் நினைத்ததே இல்லை. "பாங்கு சொல்றதுக்குள்ள இந்தத் தோள முடிச்சிரணும்" என்று அந்தந்த இடைவெளிக்குத் தகுந்த அளவு வேலையை எடுத்து வைப்பார். கை மட்டும் என்றால் கை, காலர் மட்டும் என்றால் காலர். பாதியில் விட்ட தையல் என்று அவர் மேஜையில் எதுவும் கிடக்காது. நான் தொழுகிறவள் இல்லை. ஆனால் பள்ளிக்கூட வேன் வருகிற நேரம், மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிற நேரம், மாநகராட்சித் தண்ணீர் வருகிற நேரம் என்று என் நாளும் அப்படித்தான் துண்டு துண்டாக இருந்தது. அந்தத் துண்டுக்கு அடங்குகிற வேலையை எடு என்கிற பாடம் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

கடை ஆரம்பித்தபோது இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வகைத் துணிக்கும் ஆகும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டேன். தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது "புது ஆர்டர் எடுப்பதில்லை" என்று போர்டு வைத்துவிடுவோம். முதல் வருஷம் சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் அவர்களே ஆடித் தள்ளுபடியில் எடுத்த துணியோடு ஆவணியில் வந்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் கடைப் பெண்கள் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள். எண்ணெய்ச் சட்டி வைக்க அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

என் மகள் பி.எட். படிக்கிறாள். இதையெல்லாம் சொன்னபோது, "அம்மா, ஆல்பர்ட் பந்தூரா சொன்னதும் இதுதான்" என்றாள். அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த உளவியல் அறிஞராம். மனிதர்கள் ஒருவரைப் பார்த்துக் கற்பதற்கு நாலு காரியம் நடக்க வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறாராம்: கவனித்துப் பார்க்க வேண்டும், பார்த்ததை மனதில் நிறுத்த வேண்டும், அதைச் செய்து பார்க்கும் திறன் நமக்கு இருக்க வேண்டும், செய்யத் தூண்டும் காரணமும் இருக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் எனக்கு ஓவர்லாக் மிஷின் முன்னால் சொக்கிய பெண்தான் நினைவுக்கு வந்தாள். பார்த்தாள், மனதில் நிறுத்தினாள், ஆசையும் இருந்தது. செய்து பார்க்க அவள் வீட்டில் வழி இல்லை. முன்மாதிரி பற்றி எழுதுகிறவர்கள் இந்த மூன்றாவதை விட்டுவிடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பெரிய மனிதர்களைப் பார்த்துக் கற்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வேலையின் உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தால் நிச்சயம் முடியும். நம் ஊரிலேயே டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி இருந்தார். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கியபோது அவர் அரசுப் பணியில் ஓய்வு பெற்றிருந்தார், வயது 58. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். "எத்தனை மணிக்கு எழுந்தார்?" என்று கேட்டால் இதிலிருந்து நமக்கு ஒன்றும் கிடைக்காது. என் அம்மாவுக்குப் புரை எடுத்தபோது, அங்கே வேலை பார்க்கிற எங்கள் தெருப் பெண் ஒருத்தி அறுவை அரங்கு எப்படி நடக்கிறது என்று விளக்கினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒன்றில் டாக்டர் அறுவை செய்யும்போதே அடுத்த மேஜையில் இன்னொரு நோயாளியை நர்சுகள் தயார் செய்துவிடுவார்கள். இதை முடித்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் டாக்டர் செய்வார். மற்றதை அதற்கென்றே பயிற்சி பெற்ற, பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள் செய்வார்கள்.

கேட்டுவிட்டு வந்த வாரமே கடையை மாற்றினேன். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நான் கத்தரிக்கோலைத் தவிர எதையும் தொடுவதில்லை. துணி வெட்டுவது எங்கள் கடையில் என்னால் மட்டுமே ஆகிற வேலை. அளவெடுப்பதும் பில் எழுதுவதும் இன்னொரு பெண்ணுக்கு. அடுத்து வெட்ட வேண்டிய துணியை நனைத்துக் காயவைத்து, அயர்ன் போட்டு, அளவுச் சீட்டோடு மடித்து என் இடது பக்கம் வைப்பது பழக வருகிறவர்களுக்கு. கருப்பு, கருநீலத் துணிகளைக் காலை வெளிச்சத்திலேயே முடித்துவிடுவோம். டியூப்லைட் வெளிச்சத்தில் கருப்பு மேல் கருப்பு நூல் கண்ணைக் கெடுக்கும். எந்த வேலைக்கு எந்த நேரம் என்பதை எங்கள் கடைக்கு எதிரே பூக்கட்டும் அக்காவிடமும் படிக்கலாம். விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை மொட்டு வாங்கி வருவார். சாயங்காலம் அது விரிந்துவிடும் என்பதால் மதியத்துக்குள் கட்டி முடிப்பார். பேச்செல்லாம் அப்புறம்தான்.

காந்தியடிகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். மேலமாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று, மேலாடையை விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார். இடுப்பில் கடிகாரம் தொங்கும். தேசத்தின் அத்தனை பாரத்துக்கும் நடுவில் இராட்டையில் நூற்க ஒரு நேரம், பிரார்த்தனைக்கு ஒரு நேரம் என்று வைத்திருந்தார். 1948 ஜனவரி 30 அன்று பட்டேலுடன் பேச்சு நீண்டு மாலைப் பிரார்த்தனைக்குச் சில நிமிஷம் தாமதமாகிவிட்டது. கூட்டம் காத்திருக்கிறதே என்று வேகமாக நடந்து வந்தபோதுதான் சுடப்பட்டார். அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி தமுக்கத்துக்குப் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன். காந்தியின் நாளை நம்மால் வாழ முடியாது. நமக்காகக் காத்திருக்கிறவரின் நேரம் நம்முடையது இல்லை என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தையற்கடையில் அதற்கு நிறைய வேலை உண்டு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு சாதனையாளரின் நாளை நீங்கள் அச்சிடும்போது பாதி நாளைத்தான் அச்சிடுகிறீர்கள். அந்த மனிதருக்குக் காலையில் காபி யார் போட்டார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது யார் லீவு போட்டார்கள்? தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பற்றி உங்களைப் போன்ற பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிஷம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், செலவிட்டார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். எந்த முன்மாதிரியின் கால அட்டவணையிலும் பெண்களின் இந்த ஐந்து மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. அது இல்லாத அட்டவணையை ஒரு பெண்ணிடம் கொடுத்து, இதைப் போல இரு என்றால், அவள் தன் தூக்கத்திலிருந்துதான் அந்த நேரத்தை எடுப்பாள். எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

பாய் மாஸ்டரையும் நான் இதில் விட்டுவிடவில்லை. அவர் வீட்டம்மாவிடமும் போய்க் கேட்டேன். பன்னிரண்டு மணிக்கு டிபன் கேரியர் கடைக்கு வந்துவிடும் என்பதால்தான் அவரால் மதியம் எழுந்து அலையாமல் வேலை பார்க்க முடிந்தது. அந்தக் கேரியருக்குப் பின்னால் விடிகாலையிலிருந்து ஒரு கணக்கு ஓடியது. சமையல் நடக்கும்போதே இந்தப் பக்கம் குல்லாவுக்குச் சமிக்கியும் அந்த அம்மா கையில் ஏறிக்கொண்டிருக்கும். திருவிழா மாதத்தில் வீட்டுக்கு விருந்தாளிகளை அழைப்பதில்லை என்று முடிவு செய்ததும் அந்த அம்மாதான். அவர் கடையில் ஆர்டரை மறுத்ததும் அவர் மனைவி வீட்டில் விருந்தை மறுத்ததும் ஒரே திட்டத்தின் இரண்டு பக்கம். இது தெரிந்த பிறகுதான் நான் என் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசினேன். காலைச் சமையல் என்னுடையது, இரவுச் சமையலும் மாமியாரின் மாத்திரையும் அவருடையது என்று பிரித்துக்கொண்டோம். அவர் செய்கிற தோசை நன்றாகவே இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. வாரம் ஒருமுறை நம் ஊர்ப் பக்கத்து உழைப்பாளி ஒருவரின் நாளை முழுதாக வெளியிடுங்கள். பஸ் நிலையத்தில் பேருந்துகளை நேரம் குறித்து அனுப்புகிற டைம் கீப்பரைக் கேளுங்கள். மாட்டுத்தாவணிப் பூ வியாபாரியைக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கல்லை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிற பரோட்டா மாஸ்டரைக் கேளுங்கள்; நாலு மணிக்கு எழுந்தால்தான் முன்னேற்றம் என்று படித்துப் படித்து, இப்படி இரவில் உழைக்கிறவர்கள் தங்களைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரிய அநியாயம். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்பதை மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். எதை மறுக்கிறீர்கள், எந்த வேலையை எந்த நேரத்தில் செய்கிறீர்கள், ஏன் அந்த நேரம், உங்கள் வீட்டில் சமைப்பது யார், உடம்பு சரியில்லாத நாளில் என்ன ஆகும் என்றெல்லாம் கேளுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் எந்த மண்டகப்படியில் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு அக்கறையாக அச்சிடுகிறீர்கள்! அதே அக்கறையோடு ஒரு தையற்காரரின் நாளையும் அச்சிடலாம்.

முதல் வாரத்துக்கு பாய் மாஸ்டரையே சம்மதிக்க வைக்கிறேன், பெயரும் படமும் இல்லாமல் என்றால். உங்கள் நிருபர் மாசியிலிருந்து சித்திரை வரை வர வேண்டாம், வெள்ளிக்கிழமை மதியமும் வேண்டாம். மற்ற நாட்களில் மூன்று மணிக்கு டீ குடிக்கிற நேரத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்தால் அரை மணி நேரம் நன்றாகப் பேசுவார். அவர் வீட்டம்மாவிடமும் கேட்க வேண்டும் என்பதால் ஒரு பெண் நிருபரை அனுப்பினால் நல்லது. வீட்டுக்கு நானே கூட்டிப்போகிறேன். ஒரு மணிக்கு மேல் என்றால் எனக்கும் சௌகரியம்.

இப்படிக்கு,
தையற்கடை நடத்தும் வாசகி,
ஜெய்ஹிந்துபுரம், மதுரை.